30 அங்குல மேசையும் தோள் வலியும்

தோள் வலிக்கிறது, கழுத்துப் பிடிக்கிறது என்று கணினியில் வேலை செய்கிறவர் சொன்னால், முதலில் அளக்க வேண்டியது மேசையின் உயரம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து அலுவலகங்களில் கிடக்கும் மர மேசைகள் பெரும்பாலும் 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. பேனையால் எழுத அது தோதான உயரம். ஆனால் ஐந்தடி உயரமுள்ள ஒருவர் பாதம் நிலத்தில் படிய உட்கார்ந்தால் அவருடைய முழங்கை ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மிச்சம் 16 செ.மீ.யைத் தோள் தூக்கிச் சுமக்கிறது, காலை 8.30 முதல் மாலை 4.15 வரை.

அலுவலக மேசையின் காலை வெட்ட யாரும் விடமாட்டார்கள். ஆகவே கதிரையை உயர்த்த வேண்டும். முன்கை கிடையாக விசைப்பலகையில் படியும்வரை உயர்த்துங்கள். பிளாஸ்டிக் கதிரைதான் இருக்கிறதென்றால் இலவம் பஞ்சு மெத்தை உதவாது, மத்தியானத்துக்குள் அமுங்கிவிடும். 5 செ.மீ. தடிப்பில் இறுக்கமான ஸ்பொஞ் நல்லது. உயர்த்தியதும் கால் தொங்கும். கதிரையின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும், பின்னேரம் பாதம் வீங்கும். கதிரையை எவ்வளவு உயர்த்தினீர்களோ அவ்வளவு உயரத்துக்குக் காலடியில் பலகை வேண்டும். ஓடாவியிடம் சொல்லுமுன் ஏ4 தாள் கட்டுகளை அடுக்கிப் பாருங்கள். 500 தாள் கட்டு ஒன்று ஏறத்தாழ 5 செ.மீ. சரியான உயரம் தெரிந்தபின் 45 செ.மீ. அகலத்தில், குதிக்கால் பக்கம் சற்றுத் தாழ்வாகச் செய்விக்கலாம். டைல்ஸ் நிலத்தில் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும்.

கதிரை போதிய அளவு உயராவிட்டால் மேசையின் கீழ் இழுப்புத் தட்டுப் பூட்டலாம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, தட்டை விசைப்பலகையின் அளவுக்கே செய்வது. மவுஸ் மேசையின் மேலேயே நின்றுவிடும். வலது தோள் மட்டும் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அநேகமாக இதுதான் காரணம். தட்டு 65 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், தொடைக்கும் அதற்கும் இடையில் கை நுழைய இடமிருக்கட்டும்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்களின் வலது சுண்டுவிரலைக் கவனித்துப் பாருங்கள். மெய்யெழுத்துப் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, விசிறி, அதாவது ‘கி’, ‘சி’ போன்றவற்றில் வரும் இகரக் குறி, அதற்கு மேல் வரிசையில். இரண்டும் அந்த விரலுக்கே. என்ரரும் அழிக்கும் விசையும் அதற்கே. தமிழில் புள்ளியும் விசிறியும் இல்லாமல் ஒரு வரி நகராது. அதனால் மணிக்கட்டு நேராக இருப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். விசைப்பலகையின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். எண்கள் உள்ள பகுதியைக் கணக்கில் எடுக்காமல், எழுத்துப் பகுதியின் நடு தொப்புளுக்கு நேரே வரவேண்டும்.

கதிரை உயர்ந்தால் திரையும் உயர வேண்டும். மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் 50 முதல் 70 செ.மீ. இரண்டு பவர் கண்ணாடி போடுகிறவர் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பாதியால் பார்க்க நாடியைத் தூக்கிக்கொண்டே இருப்பார். மடிக்கணினியானால் உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை பூட்டுங்கள்.

வெளிச்சத்தை ஊர் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பின் கல்லடியில் கிழக்கே கடல், மேற்கே வாவி. காலையும் மாலையும் யன்னலால் கூசும். வடக்கையோ தெற்கையோ பார்த்து உட்கார்ந்தால் யன்னல் பக்கவாட்டில் வரும், திரையில் பிம்பம் விழாது. யூன், யூலையில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது எல்லாரும் ஃபானை முகத்துக்கு நேரே திருப்புவார்கள். திரையைப் பார்க்கையில் கண் குறைவாகவே இமைக்கும். அதில் காய்ந்த காற்றும் பட்டால் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஃபானை முதுகுப் பக்கமாகத் திருப்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பதும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பைலைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர்கள் அதை மேசையில் படுக்க வைக்காமல் திரைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் சாய்த்து நிறுத்த வேண்டும். ஒரு கிழமை இடப்பக்கம் வைத்தால் மறு கிழமை வலப்பக்கம் மாற்றுங்கள்.