அட்டைப்பெட்டிக்காரரின் கட்டம்

2019இல் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் வணிகச் சட்ட ஆய்வு மையத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். பெரிய கம்பெனிகள், கோடிக்கணக்கான ஒப்பந்தங்கள் என்று கற்பனையோடு போனவன் கையில் கொடுத்தது ஒரு எக்ஸெல் கோப்பு.

சரக்கு கொடுத்துப் பணம் வராதவர்கள், பாக்கி வைத்த கம்பெனி மீது 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மனு போடுவார்கள். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைப் படித்து நான் கட்டங்களை நிரப்ப வேண்டும். பாக்கி எவ்வளவு, மனுவுக்கு முன் பணம் கேட்டு அனுப்பிய நோட்டீசின் தேதி என்ன என்பதெல்லாம் சுலபம். "முன்பே தகராறு இருந்ததா?" என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆம், இல்லை, இரண்டே பதில்.

நோட்டீசுக்கு முன்பே சரக்கைப் பற்றித் தகராறு இருந்தால் மனு நிற்காது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பாயம் துருவ வேண்டாம், ஆதாரமில்லாத வெற்றுச் சாக்காக இல்லாவிட்டால் போதும் என்று 2017இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அட்டைப்பெட்டி சப்ளை செய்த ஒருவரின் வழக்கு. பாக்கி 38 லட்சம். நோட்டீசுக்கு முன்னால் வாங்கியவர் ஒரே ஒரு வரி ஈமெயில் அனுப்பியிருந்தார்: "அடுக்கினால் அடிப்பெட்டி அமுங்குகிறது." அதற்குப் பிறகும் அதே பெட்டிக்கு இரண்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார். மனு தள்ளுபடி. "ஆம்" போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன்.

"தம்பி, உத்தரவுல என்ன இருக்கோ அதைப் போடு. உன் தீர்ப்பை யாரும் கேட்கலை" என்றார் பேராசிரியர் மேடம். சரிதான். ஆனாலும் கோப்பின் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன்.

2020 மார்ச் 24 அன்று மனு போடக் குறைந்தபட்ச பாக்கி 1 லட்சத்திலிருந்து 1 கோடியானது. கொரோனா முடக்கத்தில் சின்னக் கம்பெனிகள் திவாலாகிவிடக் கூடாதே என்று செய்தது. கோப்பில் 1 கோடிக்கு ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். அட்டைப்பெட்டிக்காரர் காணாமல் போனார். அவரைப் போன்றவர்களுக்கு வணிக நீதிமன்றம் இருக்கிறது, சிறு தொழில்களுக்கான கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் திவால் மனுவைப் போல, கம்பெனியே கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தை அவை தருவதில்லை. பாக்கிக்காரரைப் பேச்சுக்கு வரவழைத்தது அந்தப் பயம்தான் என்பது என் எண்ணம்.

என் இடத்துக்கு வந்த பெண் போன வாரம் போன் செய்தாள். "அண்ணா, இந்தக் குறிப்புல என்ன எழுதணும்?"

"தகராறுக்கு ஆம் போட்டா, அதுக்கப்புறமும் ஆர்டர் வந்துச்சான்னு பாரு" என்றேன்.