இறங்க மறுத்த ஐடிலிங்

தை முடிந்து மாசி பிறந்த வாரத்தில், கொப்பரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உடுமலையிலிருந்து தாராபுரம் வழியாகக் காங்கேயத்து எண்ணெய் ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன். எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நின்றபோது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்த பிறகும் வண்டியின் ஆர்பிஎம் முள் 1,600-க்குக் கீழே வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றதில் எஞ்சின் இன்னும் சூடேறியது. சூடேறியதும் அது வேறொரு சேட்டையைத் தொடங்கியது. முள் 1,600 வரை ஏறும், சட்டென்று 1,200-க்கு விழும், மறுபடி ஏறும். எனக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர், நான் வேண்டுமென்றே ரேஸ் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்து ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

வண்டி 2004-ஆம் ஆண்டு மாடல். நான்கு சிலிண்டர், 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு இன்ஜெக்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழையதாக வாங்கினேன். அன்றிலிருந்தே அதன் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1,100 சுற்றில்தான் நின்றது. அதை நாங்கள் வண்டியின் குணம் என்று ஏற்றுக்கொண்டிருந்தோம்; அது குணமல்ல, பாதி நோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

வரும் வழியில் ஒரு பட்டறையில் காட்டினேன். அந்த மெக்கானிக் லாரி வேலையில் கைதேர்ந்தவர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியுமாக வளர்ந்த நம் பகுதியில் பெரும்பாலான பட்டறைக்காரர்களின் கை டீசலில் பழகியதுதான். டீசல் எஞ்சினில் காற்று தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சுற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் பம்பு அனுப்பும் எண்ணெயின் அளவுதான். ஆகவே ஐடிலிங் ஏறினால் பம்பையும், சுற்றை அளவுக்குள் வைக்கும் கவர்னரையும் பார்ப்பது அவர்களுக்கு இயல்பு. பெட்ரோல் வண்டியில் கணக்கு தலைகீழ். அங்கே காற்றுதான் முதலாளி. எவ்வளவு காற்று உள்ளே வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஈடாகப் பெட்ரோலை ஊற்றுகிற கணக்குப்பிள்ளைதான் இன்ஜெக்ஷன். கணக்குப்பிள்ளையை எவ்வளவு அதட்டினாலும் வரவு குறையாது. அந்த மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும் என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் பெயின்ட் வைத்து முத்திரையிட்டிருந்த நிறுத்து ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். முள் நூறு இறங்கியது. அதற்குக் கூலியாக, வீடு வரும்வரை ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டர் முதல் மிதிக்கு ஒட்டிக்கொண்டு, பிறகு வெடுக்கென்று திறந்துகொண்டது. த்ராட்டில் தட்டு சாய்ந்து தன் துளையின் சுவரில் போய்க் கவ்விக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஸ்க்ரூ இருக்கிறது. ஐடிலிங் வைப்பதற்காக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்தேன்: இந்தக் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது? காற்று வருவதற்கு நான்கே வழிகள் இருந்தன. த்ராட்டில் தட்டு சரியாக மூடாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் இயக்கும் ஐடில் வால்வு திறந்தபடி நின்றிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கூடுதல் காற்றுவிடுகிற மெழுகு வால்வு மூடாமல் இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால், தட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஹோஸோ பேக்கிங்கோ ஏர் எடுக்கவேண்டும்.

கடைசி வழியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஓட்டை இருந்தால் எஞ்சின் உதறும், உதறாவிட்டால் ஓட்டை இல்லை என்பார்கள். காற்றின் ஓட்டத்தை நேராக அளக்கும் மீட்டர் பொருத்திய வண்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். மீட்டருக்குப் பின்னால் நுழைந்த காற்று அதன் கணக்கில் வராததால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் உதறும். என் வண்டியில் அந்த மீட்டர் கிடையாது. தட்டைக் கடந்த காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தே காற்றின் அளவு கணிக்கப்படுகிறது. திருட்டு வழியில் வந்த காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடும், அதற்கும் பெட்ரோல் கிடைத்துவிடும். எஞ்சின் உதறாமல் நிதானமாக வேகமெடுத்து நிற்கும். ஆகவே உதறாததை மட்டும் வைத்து எதையும் விலக்கிவிட முடியாது.

எடைமேடையில் ஆடிய ஊஞ்சலுக்கும் காரணம் இதே இடத்தில்தான் இருந்தது. காலை எடுத்த பிறகும் சுற்று ஓர் அளவுக்கு மேல் இருந்தால், வண்டி இறக்கத்தில் போகிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சுற்று விழுந்ததும் மறுபடி கொடுக்கும். அந்த அளவு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உயரமாகவும் சூடேறியதும் தாழ்வாகவும் இருக்கும். ஊஞ்சல் ஆடுகிறது என்றால், எஞ்சின் சூடாக இருப்பதைக் கம்ப்யூட்டர் அறிந்திருக்கிறது, தட்டு மூடியிருப்பதையும் அறிந்திருக்கிறது, காற்று மட்டும் அதன் அதிகாரத்துக்கு உட்படாத வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆடாமல் அசையாமல் உயரத்தில் நின்றாலோ, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. என் வண்டி ஒரே நாளில் இரண்டையும் காட்டியது. அதைக் கவனிக்க எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

கேபிளில் தளர்ச்சி சரியாக இருந்தது. தட்டின் ஓரத்தில் படிந்திருந்த கரியைத் துடைத்தும் மாற்றம் இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயைக் கழற்றினேன். கிராங்க் பெட்டியின் புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் சிறு ஹோஸை மாப்பிள்ளை பிளேயரால் நசுக்கிப் பிடித்துக்கொண்டான். அதை அடைக்காவிட்டால் அந்த வழியாகவும் காற்று வந்து சோதனையைக் கெடுத்துவிடும். பழைய லாரி டியூபை வெட்டிப் பலகைத் துண்டில் ஒட்டியதை எடுத்து த்ராட்டில் பாடியின் வாயில் வைத்து அழுத்தினேன். துணியை வைத்துச் சோதிக்கிறவர்கள் உண்டு, அதை எஞ்சின் விழுங்கிவிடும். பலகையை என் கையிலிருந்து பிடுங்குவதுபோல உறிஞ்சி இழுத்துக்கொண்டு, இரண்டே மூச்சில் எஞ்சின் நின்றது. 1,600 சுற்றுக்கு வேண்டிய காற்றைத் தருகிற ஓட்டை பின்னால் இருந்திருந்தால் அது நின்றிருக்காது. மேனிஃபோல்டு பேக்கிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ரப்பர்கள் எல்லாம் அந்த இரண்டு மூச்சில் குற்றமற்றவை ஆயின.

மறுபடி ஓடவிட்டு, திறந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டு மூடியே இருந்தது. தட்டுக்கு முன்னால் சுவரில் இரண்டு துளைகள். அவற்றில் கீழ்ப்பக்கத்துத் துளை, குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுமே, அப்படிச் சீறிக்கொண்டிருந்தது. மேல் துளை ஐடில் வால்வுக்குப் போவது. அந்த வால்வின் வயரைப் பிடுங்கியபோது முள் ஐம்பதுகூட நகரவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டர் அதை ஏற்கெனவே முடிந்தவரை மூடிவைத்திருந்தது. கீழ்த் துளையைக் கட்டைவிரலால் அடைத்தேன். எஞ்சின் சத்தம் அடங்கி, முள் மெல்ல இறங்கி 850-ல் நின்றது. விரலை எடுத்தால் 1,600, வைத்தால் 850. மாப்பிள்ளை தானும் ஒருமுறை வைத்துப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தான்.

கீழ்த் துளை போய்ச் சேருகிற இடம் மெழுகு வால்வு. கார்புரேட்டர் காலத்தில் காலையில் கையால் இழுத்துவிட்ட சோக்கின் வேலையில் பாதியை இது செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்திருந்து கூடுதல் காற்றுவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் இரண்டு சிறு ஹோஸ்கள் வழியாக இதன் அடியில் ஓடிச் சூடேற்றும்போது, உள்ளிருக்கும் மெழுகு விரிந்து வழியை அடைத்துவிடும். இதற்கு வயரும் கிடையாது, கம்ப்யூட்டரின் உத்தரவும் கிடையாது. சூட்டை மட்டுமே அறியும். கையை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் பிளாக் தொடமுடியாமல் கொதித்துக்கொண்டிருக்க, த்ராட்டில் பாடியின் அடிப்பகுதி மண்பானை போலக் குளிர்ந்திருந்தது.

அந்த இரண்டு ஹோஸ்களும் அங்கே இல்லை. எஞ்சின் பக்கத்தில் அவை இருந்த இடத்தில் வளைத்த செம்புக் குழாய் ஒன்று இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று கோத்திருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்: தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் வால்பாறைக்கு ஏறும்போது ஹோஸ் வெடித்துக் கூலன்ட் ஒழுகியது, ஆழியாறு வரை எப்படியோ இறங்கி ஒருவரிடம் சரிசெய்துகொண்டான். “புது ஹோஸ் போடலையான்னு கேட்டனுங்க மாமா. அது பனி உழுகிற ஊருக்குத்தானுங்ளாம், த்ராட்டில்ல ஐஸ் புடிக்காம இருக்கறதுக்கு. நம்மூருக்கு எதுக்குன்னு சொல்லிக் கோத்து உட்டுட்டாருங்க.”

அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் சங்கடம். குளிர் நாடுகளில் ஈரக் காற்று த்ராட்டில் தட்டில் உறைந்துவிடாமல் இருக்க இந்தச் சூடு உதவுவது உண்மைதான், இதற்காக மட்டுமே சுடுநீர் ஓடும் த்ராட்டில் பாடிகளும் உண்டு. அவற்றில் ஹோஸைக் கோத்துவிட்டால் நம் ஊரில் ஒன்றும் ஆகாது. ஆனால் மெழுகு வால்வு அடியில் உட்கார்ந்திருக்கும் த்ராட்டில் பாடியில் அதே சுடுநீர்தான் சோக்கை மூடுகிற கை. அதை வெட்டிவிட்டால் வண்டிக்கு எப்போதும் விடியற்காலைதான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் அவன் இரண்டு வாரம் எஞ்சின் பிடிப்பே இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறான் என்பதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் காட்டவில்லை.

புது ஹோஸ்கள் போட்டு, வண்டியின் முகத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் குமிழி வருவது நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு ஏர் லாக்கை எடுத்தேன். கூலன்ட் குறைந்து த்ராட்டில் பாடியில் காற்று தேங்கினாலும் இதே நோய் வரும் என்பதால் இதில் அவசரம் காட்டவில்லை. பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பார்த்தேன். ஐடிலிங் 1,100. ஊஞ்சல் இல்லை, அசைவும் இல்லை. பழைய குணம் திரும்பிவிட்டது.

அந்த அசைவின்மைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் மல்டிமீட்டரை எடுத்து, ஓட்டி வந்த கையோடு கூலன்ட் சென்சாரின் வயரைக் கழற்றி அளந்தேன். 700 ஓம் காட்டியது. இந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் குறையும்: 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500, 80 டிகிரியில் 320 அளவில் இருக்கவேண்டும். 700 என்றால் 55 டிகிரி. சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க அதைக் கழற்றி, அடுப்பில் வைத்த நீரில் வெப்பமானியோடு சேர்த்து நனைத்தேன்; 80 டிகிரியில் 325 காட்டியது. சென்சார் சத்தியசந்தன். எஞ்சினின் நீரே 55 டிகிரியில்தான் இருந்திருக்கிறது.

எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் மூடியின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றியபோது உள்ளே வெறும் ஓட்டைதான் இருந்தது. எனக்கு விற்றவரோ, அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ எடுத்துவிட்டிருக்கவேண்டும். நம் வெயிலுக்கு எஞ்சின் காய்ந்துவிடும் என்று அஞ்சி அந்த வால்வைப் பிடுங்கி எறிவது இங்கே பரவலான வைத்தியம். வால்வு இல்லாத எஞ்சினில் நீர் ஓய்வில்லாமல் ரேடியேட்டரைச் சுற்றும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க ஓடும்போது அது சூடேறவே விடாது. கம்ப்யூட்டரும் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டி வரிசையில் நிற்கும்போது மட்டும் நீர் கொதிநிலையை நோக்கி ஏறும். எடைமேடையில் ஊஞ்சல் ஆடியது ஏன் என்பது அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று.

82 டிகிரி வால்வு ஒன்றை வாங்கி, நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்தினேன். நிறுத்து ஸ்க்ரூவை, தட்டு சுவரில் கவ்வாத அளவுக்கு மட்டும் மறுபடி முறுக்கி, த்ராட்டில் சென்சாரின் மின்னழுத்தம் மூடிய நிலையில் அரை வோல்ட் காட்டும்படி சரிசெய்து, பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றிவைத்து மாட்டினேன். இப்போது விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் 1,500. நாலைந்து நிமிடத்தில் படிப்படியாக இறங்கி 850. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டி, சென்ற மூன்று காங்கேயம் நடையில் பதினொன்றுக்குச் சற்று மேல் கொடுத்திருக்கிறது. புது ஹோஸ்களில் ஒன்றின் கிளிப் மட்டும் லேசாகக் கசிகிறது, அதை மாற்றவேண்டும்.