அவள் பிறந்த ஊரின் வரிசையில்

வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டே வரிதான் இருந்தது. "உங்கள் பிரையாரிட்டி டேட் 2016 ஆகஸ்ட். இந்தியாவுக்கு அந்தத் தேதி இன்னும் வரவில்லை, எனவே இப்போது ஐ-485 போட முடியாது." பிரையாரிட்டி டேட் என்றால் கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி, ஐ-485 என்றால் அந்தக் கார்டுக்கான விண்ணப்பம். இது நடந்தது 2020 செப்டம்பர் கடைசியில். ஆஸ்டினில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அதைச் சத்தமாகப் படித்தேன். மனைவி அடுப்பில் மிளகாய் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "நீ எங்கே பிறந்தாய் என்று பார்த்திருக்கிறார்கள். நான் எங்கே பிறந்தேன் என்று பார்த்தார்களா?" என்றாள்.

அவள் பிறந்தது சீனாவில், செங்டுவில்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. கணக்கில் எடுப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. இந்தியர்கள் அதிகம், வரிசையும் நீளம். சீன வரிசையும் நீளம்தான், ஆனால் நம்முடையதைப் போல அநியாயத்துக்கு நீளமில்லை. வரிசை எந்தத் தேதிவரை நகர்ந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடுவது விசா புல்லட்டின். 2020 அக்டோபர் புல்லட்டினில் இ.பி.-2 என்ற என் வேலைப் பிரிவில், கார்டு கொடுப்பதற்கான இந்தியாவின் இறுதித் தேதி 2009 செப்டம்பர் 1. சீனாவுக்கு 2016 மார்ச் 1. விண்ணப்பம் போடுவதற்கான தேதி என்று இன்னொரு அட்டவணை உண்டு. அதில் இந்தியா 2011 மே 15, சீனா 2016 அக்டோபர் 1. என் ஆகஸ்ட் தேதி சீனக் கட்டத்துக்குள் வசதியாக உட்கார்ந்துவிட்டது.

கணவனும் மனைவியும் வேறு வேறு நாடுகளில் பிறந்திருந்தால், ஒருவர் மற்றவரின் நாட்டுக் கணக்கில் சேர்ந்துகொள்ளலாம். கிராஸ் சார்ஜபிலிட்டி என்று பெயர். ரகசியம் ஒன்றுமில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வக்கீல் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்த பெண்மணிக்கு அது ஞாபகம் வரவில்லை. நான் சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டு மரியாதையாகப் பதில் எழுதினேன். மூன்று நாள் கழித்து, "மூத்த வக்கீலிடம் கேட்டோம். நீங்கள் சொல்வது சரி. உடனே ஆவணங்களைத் திரட்டுங்கள்" என்று பதில் வந்தது. நான் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன். வக்கீலுக்குப் பணம் கட்டுவது நம் கம்பெனி, அதனால் அவர்கள் நம் வக்கீல் என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. மனைவி யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்த தமிழ்ப் பெண்ணாக இருந்திருந்தால் எந்த வரிசையும் இருந்திருக்காது. அந்த மாதம் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் இ.பி.-2 திறந்தே கிடந்தது. குழந்தை வெளிநாட்டில் பிறந்திருந்தால் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். உதவாது. பெற்றோரின் நாட்டைப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாம், பிள்ளையின் நாட்டைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள முடியாது.

அவள் 2013-ல் இங்கே படிக்க வந்தவள், புள்ளியியல் படிப்பு. படிப்பு முடித்த மாணவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியும் அதன் நீட்டிப்பும் சேர்த்து மூன்று வருடம் வேலை பார்த்தாள். மூன்று ஏப்ரலிலும் எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழவில்லை. நாங்கள் 2018-ல் கல்யாணம் செய்துகொண்டோம். கவுண்டி அலுவலகத்தில் உரிமம் வாங்கி, டெக்சாஸ் சட்டப்படி 72 மணி நேரம் காத்திருந்து, ஒரு நீதிபதி முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் அவள் எச்4, அதாவது எச்1பி வைத்திருக்கும் என் துணைக்கான விசா. எனக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கெனவே அங்கீகாரமாகியிருந்ததால், 2015-ல் வந்த விதிப்படி அவளுக்கு எச்4 ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை கிடைத்து வேலையைத் தொடர்ந்தாள். அந்த விதியையே எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருடங்களில் ஓயவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு செய்தியை அனுப்புவார்கள், அன்றைக்கு ராத்திரி இருவருக்கும் தூக்கம் போகும்.

சரி, ஆவணங்கள். பெரும்பாடு பட்டது இதில்தான்.

என் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலி. ஆண் குழந்தை, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, அவ்வளவுதான். அப்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன். "அந்தக் காலத்துல எவன்டா ஆஸ்பத்திரியிலயே பேர் வச்சான்?" என்றார். கடைசியில் அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். விருதுநகரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரியிடம், இருபது ரூபாய் முத்திரைத்தாளில், முகக்கவசத்தோடு. அத்தை தன் வயதை மூன்று குறைத்துச் சொல்ல, அப்பா அங்கேயே சண்டை போட்டுத் திருத்தியிருக்கிறார். அத்தை சொன்னபடி விட்டிருந்தால், நான் பிறந்ததை நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிக்கு அப்போது எட்டு வயதுதான் ஆகியிருக்கும்.

அவள் பக்கம் வேறு மாதிரி. சீனாவில் மருத்துவமனைப் பிறப்புச் சான்றிதழ் ஒரே வடிவத்துக்கு வந்ததே 1996-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு நோட்டரி அலுவலகம் தரும் கொங்ஜெங்ஷூ என்ற சிறு புத்தகம்தான் பிறப்புச் சான்று. உள்ளே சீனத்தில் ஒரு பக்கம், ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், முத்திரை. அவளுடைய அம்மா வீட்டின் ஹுகோவ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அது நம் ரேஷன் கார்டும் குடியிருப்புச் சான்றும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒன்று. நான் அவரை 'மா' என்றுதான் கூப்பிடுவேன். சீனத்திலும் அம்மாவுக்கு அதே சொல், எனக்குச் சிரமமே இல்லை. வீடியோ அழைப்பில் மா அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். எல்லாம் சரி, குடும்பப் பெயரைத் தவிர.

அவளுடைய குடும்பப் பெயரை, உதட்டைக் குவித்துக்கொண்டு 'லி' என்று சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய பிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த உயிரொலிக்கு எழுத்தில்லை. கணினியில் சீனர்கள் அதற்கு 'வி' என்ற எழுத்தைத் தட்டுவார்கள். அதனால் பழைய பாஸ்போர்ட்டில் அவள் பெயர் எல்.வி. பட்டம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, முதல் ஈ.ஏ.டி. எல்லாம் எல்.வி. 2012 வாக்கில் சீன அரசு எழுத்துமுறையை மாற்றியது, 2019-ல் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் எல்.ஒய்.யு. ஆனாள். கொங்ஜெங்ஷூவின் ஆங்கிலப் பக்கத்திலோ மொழிபெயர்ப்பாளர் 'யு'வின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருந்தார். ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். 'ழ'வுக்கு 'இசட்எச்' போட்டுவிட்டு வெள்ளைக்காரன் வாயில் பெயர் படும் பாட்டைப் பார்த்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் மூன்றையும் எழுதி, மூன்றும் ஒருவரே என்று ஒரு கடிதமும் வைத்தோம்.

அப்புறம் அந்தக் கேள்வி. ஐ-485-ல் எல்லோரிடமும் கேட்பதுதான்: கம்யூனிஸ்ட் கட்சியிலோ வேறு சர்வாதிகாரக் கட்சியிலோ எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா, ஏதாவது தொடர்பு உண்டா? நான் 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்தேன். என் மாமா முப்பது வருடம் சி.ஐ.டி.யூ.வில் இருந்தவர். நல்லவேளை, மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கட்சியில் அவள் சேர்ந்ததில்லை. ஆனால் பதினான்கு வயதில், வகுப்பு முழுக்கச் சேர்ந்தபோது கட்சியின் இளைஞர் கழகத்தில் அவளையும் சேர்த்திருந்தார்கள். சேராவிட்டால்தான் கேள்வி வரும் என்றாள். சரியாக அக்டோபர் 2-ஆம் தேதி, இந்த உறுப்பினர் விவகாரத்தைப் பற்றி அமெரிக்க அரசு புதிய வழிகாட்டுதல் வேறு வெளியிட்டிருந்தது. அவளுடைய சீன நண்பர்கள் குழுவில் அன்று முழுக்க அதே பேச்சு. 'இல்லை' என்று போட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று பாதிப் பேர்.

வக்கீல் தெளிவாக இருந்தார். பதினாறு வயதுக்கு முன் சேர்ந்ததற்கும், விருப்பமில்லாமல் சேர்ந்ததற்கும், விட்டுப் பல வருடம் ஆனதற்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பொய் சொன்னதற்கு அப்படி எளிதான விலக்கு கிடையாது. 'ஆம்' என்று குறித்து, எந்த வயதில், எப்படி, எப்போது விட்டாள் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தோம். அந்த ஒரு பக்கத்தை அவள் ஏழு தடவை திருத்தினாள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இந்த நிலை இருந்தால், நண்பர்களிடம் கேட்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள்.

அப்போது ஐ-944 என்று இன்னொரு படிவமும் இருந்தது, அரசுக்குப் பாரமாக இருக்க மாட்டோம் என்று நிரூபிக்க. கிரெடிட் ஸ்கோர், கடன், இன்ஷூரன்ஸ், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். ஒரு வாரம் அதற்கே போனது. 2021 மார்ச்சில் அந்தப் படிவத்தையே எடுத்துவிட்டார்கள். போகட்டும்.

இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே உறையில், மேலே கிராஸ் சார்ஜபிலிட்டி கேட்கிறோம் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளோடு, கல்யாணச் சான்றிதழையும் அவள் பிறப்புச் சான்றையும் முன்னால் வைத்து அனுப்பினோம். மனைவியின் நாட்டைக் கணவன் கடன் வாங்கினால் இருவரும் ஒன்றாக விண்ணப்பிக்க வேண்டும், ஒருவர் முந்த முடியாது. கட்டணம் தலைக்கு 1,225 டாலர். ஈ.ஏ.டி.யும் பயண அனுமதியும் அதிலேயே அடக்கம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அது 1,440 ஆகிவிட்டது, ஈ.ஏ.டி.க்கும் பயண அனுமதிக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அந்த மாதம் எங்கேயும் நேரம் கிடைக்கவில்லை, அது இல்லாமலே போட்டோம். ரசீது ஜனவரியில் வந்தது.

நல்லதுதானே என்று நினைத்தால், மார்ச் வந்தது. மார்ச் 12-ஆம் தேதி அவளுடைய எச்4 ஈ.ஏ.டி. முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே போட்டிருந்தோம். அந்தக் காலத்தில் எச்4-க்கும் கைரேகை கேட்டார்கள், கொரோனாவால் எல்லாமே தேங்கிக் கிடந்தது. ஐ-485-ல் வரவேண்டிய ஈ.ஏ.டி.யும் வரவில்லை. எச்4 ஈ.ஏ.டி.க்குத் தானாக நீளும் சலுகை அப்போது கிடையாது. 12-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவள் லேப்டாப்பை மூடி, கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினாள். சம்பளமில்லாத விடுப்பு.

அடுத்த வாரம் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அழைத்தாள். ஒரு நிரலில் ஏதோ பிழை, எங்கே என்று தெரியவில்லை. மனைவிக்குப் பதில் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டாலும் அது அனுமதியில்லாத வேலைதான் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். "மன்னித்துக்கொள், சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டுப் போய்க் குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுக் குளியலறை பளபளவென்று இருந்தது. எனக்குப் பாராட்டவும் வாய் வரவில்லை.

அந்த நாட்களில்தான் நண்பன் ஒருவன் விளையாட்டாகச் சொன்னான்: "சைனாக்காரியைக் கட்டி லாட்டரி அடிச்சிட்டடா." நானும் சிரித்து வைத்தேன். காகிதத்தில் அவள் என்னைச் சார்ந்தவர், டிபெண்டென்ட். என் விசாவை ஒட்டிய அவளுடைய ஈ.ஏ.டி. புதுப்பிக்கப்படும்வரை அவள் வேலை செய்ய முடியாது. நான் நின்றுகொண்டிருந்ததோ அவளுடைய வரிசையில். இதை அவனுக்கு விளக்கப் பொறுமை இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஐ-485 வழியாக ஈ.ஏ.டி. வந்தது. அதுவே பயண அனுமதியும். மறுநாளே கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியது, அதே பெட்டியில்.

கொரோனாவில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் முந்தைய நிதியாண்டில் பயன்படாத குடும்ப விசாக்கள் வேலைப் பிரிவுக்கு வந்து, 2021 நிதியாண்டில் எண்ணிக்கை 2,62,000-ஐத் தொட்டது. சீனத் தேதி மாதாமாதம் ஓடி, என் ஆகஸ்டைத் தாண்டியது. ஆனால் கோப்பில் மருத்துவ அறிக்கை இல்லையே. இலையுதிர் காலத்தில் அதைக் கேட்டுக் கடிதம் வந்தது. இதற்குள் கொரோனா தடுப்பூசியும் பட்டியலில் சேர்ந்திருந்தது. சான் அன்டோனியோவுக்கு வண்டி ஓட்டிப் போய் ரத்தம் கொடுத்தோம். காசநோய்ப் பரிசோதனை எனக்கு பாசிட்டிவ், எக்ஸ்ரே எடுத்து நெஞ்சு சுத்தம் என்று எழுதி வாங்க வேண்டியதாயிற்று. அவளுக்கு ஒன்றுமில்லை. மருத்துவர் மூடி ஒட்டிய உறையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புங்கள். ஆர்வத்தில் பிரித்துவிட்டு மறுபடி பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

2022 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, நேர்காணல் இல்லாமலே, இருபது நிமிட இடைவெளியில் இரண்டும் அங்கீகாரமாயின. என் கார்டில் முதன்மை விண்ணப்பதாரருக்கான இ26, பிறந்த நாடு இந்தியா. அவளுடையதில் துணைக்கான இ27, பிறந்த நாடு சீனா, பெயர் எல்.ஒய்.யு.

கார்டு வந்த வாரமே அவள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பெயரை மாற்றத்தான் என்று நினைத்தேன். பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள். பெயருக்கு மேலே, அரசின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லுபடியாகும் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். எட்டு வருடம் அதை நான் கவனித்ததே இல்லை, என் அட்டையிலும் அதே வரி இருந்தும். பத்து நாளில் அந்த வரி இல்லாத அட்டை அவளுக்குத் தபாலில் வந்தது. என்னுடையதை மாற்ற நான் இன்னும் போகவில்லை.