பதிவேட்டில் எழுதாத வரி

திருச்சபை நடத்தும் நோய்தணிப்பு வார்டில் (குணமாகாத நோயாளிகளின் வலியைக் குறைத்துக் கவனிக்கும் இடம்) நர்ஸாகப் பல வருஷம் நைட் டியூட்டி பார்த்தவள் நான். "சபை, அமைப்பு என்று வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன நன்மை?" என்று யாராவது கேட்டால் எனக்கு டியூட்டி பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும்.

சாகக் கிடப்பவருக்கு ராத்திரி மூன்று மணிக்குத்தான் ஆள் வேண்டும். இரக்கப்படுகிறவர்கள் எங்கும் உண்டு. ஆனால் இன்றைக்கும் நாளைக்கும் அடுத்த வருஷமும் அதே மூன்று மணிக்கு ஒருவர் வந்து உட்கார, பட்டியல் போட்டு நடத்த ஓர் அமைப்பு வேண்டும். உறவென்று யாருமில்லாத பெரியவர் ஒருவர் இருந்தார். விழுங்க முடியாது. எங்கள் மூத்த சிஸ்டர் பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டோரம் ஒற்றுவார். வறண்ட நாக்கு மெல்ல அதைத் தேடி வரும்வரை காத்திருப்பார். அந்தப் பெரியவர் என்ன மதம் என்று சிஸ்டர் கேட்டதே இல்லை.

நாங்கள் செய்யும் வேலைக்கு வழிகாட்டி சிசிலி சாண்டர்ஸ். கிறிஸ்தவ விசுவாசி; சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தவர். அதற்கு முன் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் என்ற அதேபோன்ற இல்லத்தில் பணியாற்றினார். அன்பான கவனிப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. வலி திரும்பும் முன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுப்பதையும், ஒவ்வொரு நோயாளிக்கும் முறையாகக் குறிப்பெழுதுவதையும் அவர் கொண்டுவந்தார். அன்போடு பதிவேடும் சேர்ந்த பிறகே வலி அடங்கியது.

பதிவேடு என்றதும் மனம் உறுத்துகிறது. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் பட்ட கொடுமை, 2009இல் அரசு விசாரணைக் குழுவின் ரயன் அறிக்கை வந்தபோது விரிவாக வெளியே வந்தது. அந்தச் சபைகளும் தொண்டென்றுதான் சொல்லிக்கொண்டன. நம் சபை நல்லது செய்கிறதே என்ற பெருமையில்தான் வாய் மூடிக்கொள்கிறது. இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை.

ஒரு நோயாளி வேண்டாமென்று தலையசைத்தும், எங்கள் உதவியாளர் ஒருவர் விடாமல் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். மகள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். "உள்ளுக்குள் பேசிக்கலாம், எழுத வேண்டாம்" என்றது அலுவலகம். நானும் எழுதவில்லை. நான்கு ராத்திரி தூக்கமில்லை. ஐந்தாம் நாள் மூத்த சிஸ்டரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் பதிவேட்டை எடுத்து, பேனாவை அதன் மேல் வைத்தார்.

"நடந்த தேதியைப் போட்டு எழுதும்மா. கீழே நானும் கையெழுத்துப் போடறேன்."