ப்ரா தோவின் சுருள் ஆன்டெனாக்கள்

இங்கே மொரிஷியஸில், ரெதுயியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் அக்கா மகன், "ஆன்டெனா டிசைன் எல்லாம் வெளிநாட்டு வேலை, மாமா" என்கிறான். நம்ம தீவின் ப்ரா தோ என்ற இடத்தில் இருந்த ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி அவனுக்கு யாருமே சொல்லவில்லையே!

மொரிஷியஸ் பல்கலைக்கழகமும் இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்து 1990-களில் இயக்கிய, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் தொலைநோக்கி அது. கிழக்கு மேற்காக 2 கி.மீ. நீளத்துக்கு 1024 சுருள் ஆன்டெனாக்கள். அதிர்வெண் 151.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். சுருளின் சுற்றளவு அலைநீளத்தை ஒட்டி இருந்தால்தான் அது தன் அச்சுத் திசையில் கூர்ந்து கேட்கும். தென்வானத்துக்காக எல்லாவற்றையும் 20 டிகிரி தெற்கே சாய்த்து வைத்தார்கள்.

என்னை அசத்துவது அந்த வரிசையிலிருந்து தெற்கே நீண்ட தெற்குக் கைதான். 880 மீட்டர் முழுக்க ஆன்டெனா நடாமல், தண்டவாளத்தில் ஆன்டெனா ஏற்றிய 15 தள்ளுவண்டிகளை இடம் மாற்றி மாற்றியே அலைகளை அளந்துவிட்டார்கள். எவ்வளவு அழகான யோசனை!

படிக்கிற பிள்ளைகளே, ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுங்கள்.