சுத்தியலும் பட்டடையும்

டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாக தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த ஒரு கப்பலின் ஆள் பட்டியல் நகல் கிடக்கிறது. ஆயாவின் அப்பாவைப் பற்றி அதில் இருப்பது ஓர் எண், தகப்பன் பெயர், வயது, நெற்றியில் தழும்பு. அவ்வளவுதான். அந்த ஆற்றாமையில்தான் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பிரபுவின் வம்சத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

1152இல், ஐந்தாறு வயதுப் பிள்ளையாக, ஸ்டீபன் மன்னரிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டவன் அவன். தகப்பன் ஜான் வாக்குத் தவறினார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய சுத்தியலும் பட்டடையும் தன்னிடம் உண்டு என்றாராம். பாவி மனிதர்! மன்னருக்குத்தான் மனம் வரவில்லை, பிள்ளை பிழைத்தான்.

வளர்ந்து, வீரர்கள் குதிரையேறி மோதும் பந்தயப் போர்களில் பேரெடுத்தான். 1189இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பெரும் சொத்துக்கு வாரிசான இசபெல் டி கிளேரை மணந்தான். 1216இல் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக ஆட்சியைக் கவனித்தான். மறு ஆண்டு லிங்கன் நகரில், எழுபது வயதில், குதிரையேறிப் போரிட்டான். 1219இல் இறந்தான்.

ஐந்து மகன், ஐந்து மகள். ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டமேற்று, 1245க்குள் முறையான வாரிசு இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். கில்பர்ட் பந்தயப் போரிலேயே மாண்டான். நிலமெல்லாம் மகள்கள் வழியில் பிரிந்தது.

“பிணை கொடுத்தபோது அம்மா என்ன சொன்னாள்?” என்றாள் என் மகள். அந்த அம்மாவின் பெயர் சிபில் என்பது மட்டும் தெரியும் என்றேன். பிறகு, தழும்பைப் பற்றிக் கேட்க அத்தைக்குத் தொலைபேசினேன்.