அம்மி மிதித்த வம்சமும் ஒரு குழி பெஸ்டோவும்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், ஜெனோவாவுக்குக் கிழக்கே உள்ள கமோலி என்னும் மீனவர் ஊரில், நானும் என் மனைவியும் பத்து நாள்கள் ஒரு மாடியறையில் வாடகைக்குத் தங்கியிருந்தோம். கீழ்த்தளத்தில் வசித்த வீட்டுக்கார அம்மையாருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, அன்று பாஸ்தாவில் கலக்கும் பச்சிலைத் துவையலான பெஸ்டோ செய்யப் போவதாக அவர் சொன்னதும், "நாங்கள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தே வளர்ந்தவர்கள், நான் செய்கிறேன்" என்று என்னிடமிருந்த அரைகுறை இத்தாலியத்தில் அறிவித்துவிட்டேன். நான் அம்மியைக் கடைசியாகத் தொட்டது என் திருமணத்தன்று, அதுவும் மணப்பெண்ணின் காலைப் பிடித்து அதன்மேல் வைப்பதற்காக மட்டுமே என்பதை அந்த மணப்பெண் அங்கே சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

பூண்டு, கல்லுப்பு, பைன் கொட்டை, பேசில் இலை, பார்மேசான் சீஸ், சார்டினியத் தீவின் செம்மறியாட்டுப்பால் சீஸ், ஆலிவ் எண்ணெய் என்று மேசையில் 7 பொருள்கள் இருந்தன. பேசில் என்பது நம்முடைய திருநீற்றுப்பச்சிலைதான். நாம் அதன் விதையைச் சப்ஜா என்று பலூடாவில் போடுகிறோம், இலையைச் சீந்துவதில்லை. ஜெனோவாக்காரர்களோ சிற்றிலைகள் கொண்ட இளஞ்செடியை வேரோடு கட்டி விற்கிறார்கள். 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் பாதுகாப்பே அளித்திருக்கிறது.

பெஸ்டோ என்ற பெயரே இடித்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்பதால், நான் பளிங்கு உரலில் மர உலக்கையை ஓங்கி இடித்தேன். அம்மையார் பதறி என் கையைப் பிடித்தார். அந்த உரலின் விளிம்பில் இருந்த நான்கு காதுகளை நான் அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். உலக்கையை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது உரலைக் காதைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டுமாம். இலை சிதையாமல் உரசி நசுங்கினால்தான் பச்சை நிறம் நிற்கும். அரை மணி நேரம் கல்லின் காதைத் திருகியதில், பள்ளியில் என் காதைத் திருகிய கணக்கு வாத்தியாரின் உழைப்பு முதன்முறையாக எனக்கு விளங்கியது.

இதற்குள் பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. தோசைக்குள் உருளைக்கிழங்கை வைத்துத் தின்பவனுக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லையென்று வாயை மூடிக்கொண்டேன். கையை மூடிக்கொள்ளத்தான் தெரியவில்லை. அம்மையார் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் சென்ற நேரத்தில், துவையல் பச்சையாக நிற்கிறதே என்ற நல்லெண்ணத்தில், பெட்டியில் கொண்டுவந்திருந்த கடுகையும் வற்றல் மிளகாயையும் தாளித்து, அரைத்ததை அதில் கொட்டி இரண்டு கிளறு கிளறினேன். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது, பாஸ்தா வெந்த நீரில் சிறிது விட்டு இளக்கினால் போதும் என்பதை, பாசிநிறமாக மாறிப்போன வாணலியைப் பார்த்தபடி அவர் மிகத் தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கினார். பிறகு மீந்த இலைகளை உரலிலிட்டுத் தாமே கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். அதைச் சாப்பிட்ட என் மனைவி, ஊர் திரும்பும்வரை என் சமையலைப் பற்றிப் பேசவில்லை.

ஜெனோவாப் பகுதியினரின் சிக்கனம் இத்தாலி முழுவதும் கேலிக்குரியது; அதனால் என் வாணலிப் படைப்பும் குப்பைக்குப் போகவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, எண்ணெய் ஊற்றி மூடி, அதன்மேல் அன்றைய தேதியையும் "இந்தியா" என்ற ஒரே சொல்லையும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தார். நாங்கள் புறப்பட்ட நாளில் இரு கன்னத்திலும் முத்தமிட்டு வழியனுப்பியவர், அந்தப் புட்டியை, ஒரு கரண்டியும் குறையாமல், எங்கள் பையிலேயே வைத்துவிட்டார்.